வராமலே படிக்கலாமுங்க

…கோவமா? எனக்குங்களா? அட, நீங்க ஒன்னு! கோவம்னா என்னன்னே நமக்குத் தெரியாதுங்க டீச்சர். சத்தம் கொஞ்சம் எச்சா வரும், அவ்வளவுதான். தறி ஓடற சத்தத்துக்கு மேல பேசிப் பழகுன தொண்டைங்க இது. நீங்க உக்காருங்க. நானும் இந்தப் பெஞ்சுல காலை மடக்கி எப்படியோ உக்காந்துட்டேன். முட்டி இடிக்குது… பரவால்லீங்க. ஷ்ரவ்யாவோட அப்பாங்க நானு, அழகிரிசாமி. ஏழாங்கிளாஸ் பி செக்சன். எப்பவும் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அவங்கம்மாதான் வருவா. இன்னிக்கு நானே சோலியப் போட்டுப்போட்டு வந்திருக்கறேன்னா விசயம் எப்படின்னு நீங்களே ரோசிச்சுப் பாத்துக்கங்க.

ஏனுங்க, அடுத்தாப்பல டீச்சரைப் பாக்கோணும்னு கதவுகிட்ட நிக்கறவங்க… சித்த அப்படி உக்காருங்க. ரெண்டே நிமிசம். மளார்னு முடிச்சுக்கறேன்.

மார்க் அட்டைய எடுக்காதீங்க டீச்சர். மார்க்கு கெடக்குதுங்க! நானெல்லாம் கணக்குல வாங்குன மார்க்க ஊட்டுல இன்னும் ஆருக்கும் சொன்னதில்ல. நான் வந்தது அதுக்கில்லீங்க. எம்புள்ள கேள்வி கேக்கறதை நிறுத்திப்போட்டாளுங்க.

என்னடா, இதுக்குப் போய் ஒரு மனுசன் வருவானான்னு நெனைப்பீங்க. காலைல துடியலூர்ல இருந்து நாந்தான் கார்ல கொண்டாந்து உடறது. மேட்டுப்பாளையம் ரோட்டு டிராபிக்கு தெரியுமில்லீங்களா. அந்த நேரம் முச்சூடும் கேள்விதான். பூரி உப்புது, தோசை ஏன்ப்பா உப்பறதில்ல? சிக்னல்ல நிக்கறப்ப பின்னாடி இருக்கறவரு ஹாரன் அடிக்கறாரே, அடிச்சா செவப்பு லைட்டு பச்சை ஆயிருமா? எங்கூட்ல தெலுங்குதானுங்க, அவ தமிழு, தெலுங்கு, இங்கிலீசு மூனுலயும் கேப்பா. நமக்குப் பாதிக்குப் பதில் தெரியாது. 'சும்மா வா கண்ணு'ம்பேன். சும்மா வரமாட்டா. இப்ப ஒரு மாசமா சும்மா வாராளுங்க. ஜன்னலைப் பாத்துட்டு வாரா, எறங்கறா, பையத் தூக்கிட்டுப் போறா. நேத்து நானே வேணும்னே, 'ஏங்கண்ணு, பஸ்ஸுக்கு ஏன் இத்தனை பெரிய ஸ்டியரிங்கு?'ன்னு கேட்டுப் பாத்தேன். 'தெரியலப்பா'ன்னுட்டா. காய்ச்சல்னா மாத்திரை குடுக்கலாம். இதுக்கு என்னத்தைக் குடுக்கறது?

அவங்கம்மா மெல்ல மெல்ல வெசாரிச்சாளுங்க. போன மாசம் நீங்க மைனஸ் கணக்கு நடத்துனீங்களாமா. மைனஸையும் மைனஸையும் பெருக்குனா ப்ளஸ்ஸுன்னு போர்டுல எழுதிப் போட்டீங்களாமா. இவ எந்திரிச்சு, 'ஏன் மிஸ்?'னு கேட்டிருக்கறா. 'அது ரூல், எழுதிக்கோ'ன்னு நீங்க சொன்னீங்களாமா. எழுதிக்கிட்டா. எழுதிப்போட்டு மறுக்கா எந்திரிச்சு, 'அந்த ரூலை ஏன் மிஸ் போட்டாங்க?'ன்னு கேட்டிருக்கறா. 'உக்காரு, கிளாஸ் முடிஞ்சதும் பாக்கலாம்'னீங்க. பாக்கலீங்க. அதுல இருந்து பசங்கெல்லாம் எம்புள்ளைய 'மைனஸு, மைனஸு'ன்னு கூப்புடறாங்களாமா.

என்னுங்க? … இருங்க டீச்சர், நீங்க அப்பறம் சொல்லுங்க. நான் முடிச்சுக்கறேன்.

ஊட்ல வந்து எங்கிட்ட கேட்டா. எனக்கென்னுங்க தெரியும்? பி.எட் காலேஜ்ல கணக்கு நடத்தற புரொபசர் ஒருத்தர், சசிதர்னு பேரு, அவருக்குப் போனைப் போட்டனுங்க. ஸ்பீக்கர்ல போட்டு, புள்ளையப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு கேட்டேன். அவரு என்னுங்க சொல்றாரு? 'சார், கணக்கை எப்படி நடத்தறதுங்கறதுதான் எங்க பேப்பரு. கணக்கு என்னங்கறது எங்க பேப்பர்ல வராதுங்க சார்'ங்கறாரு! அப்பறமும் உடலீங்க. இன்டக்டிவ்ங்கறாரு, டிடக்டிவ்ங்கறாரு, பேசறாரு பேசறாரு… புள்ள எந்திரிச்சு ரூமுக்குப் போயிட்டா. அவரு இன்னும் பேசீட்டு இருக்கறாரு. சம்பளம் குடுக்கறவன் போனை வெக்க முடியுமுங்களா?

ஆமாங்க, நாந்தான் சம்பளம் குடுக்கறேன். நம்ம காலேஜ்தானுங்க. அட, நானும் இந்த லைன்தான் டீச்சர்! நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்னே வெச்சுக்கங்களேன்.

சூலூர்ல எங்க நைனா காலத்துல இருந்து தறி செட்டு. நூல் வெலை ஒரு பக்கம், கரன்ட் பில்லு ஒரு பக்கம், ஆள் கெடைக்காம ஒரு பக்கம்… படுத்துப்போச்சுங்க. லட்சுமணசாமின்னு எங்க பெரியம்மா பையன், அவந்தான் சொன்னான்: 'தறி போட்டா ராத்திரி பகலா பாத்துக்கோணும். பி.எட் காலேஜு போட்டா பாக்கவே வேண்டாம்'னு. தறிகளை எடைக்குப் போட்டேன். நடுவுல தட்டி அடிச்சுக் கிளாஸ் ரூமு. நூல் குடோன் லைப்ரரி. யுனிவர்சிட்டிக் கமிட்டி வந்தன்னிக்கு பஞ்சு வாசம் குப்புன்னு அடிக்குது. 'என்னங்க இது?'ங்கறாங்க. 'கைத்தொழில் கல்விக்குத் தனி லேபுங்க'ன்னுட்டேன். கமிட்டியில ஒருத்தருக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. பஞ்சு அலர்ஜியா என்னமோ… எப்படியோ பர்மிசன் வந்துருச்சு.

மொத வருசம் நெசமாலுமே கிளாஸ் நடத்துனோமுங்க. பொய் சொல்லல. அப்பறம் பாத்தா, வர்றவங்க பூரா கல்யாணமான பொம்பளைப் புள்ளைக, கைக்கொழந்தைக்காரிக, எங்கயோ வேலைக்குப் போறவங்க. 'டெய்லி வரணுமுங்களா சார்?'னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு கேக்கறாங்க. பாவமா இருந்துச்சு. வராட்டிப் போங்கன்னுட்டேன். வராமலே படிக்கலாமுங்கன்னு நான் ஒன்னும் போர்டு வெக்கல. ஆனா ஒரு சீர்ல ஒருத்தி சொல்ல, இன்னொரு கல்யாணத்துல இன்னொருத்தி சொல்ல… அடுத்த வருசம் பாத்தா பல்லடம், அவிநாசி, அன்னூரு, அக்கட்டால பொள்ளாச்சி வரைக்கும் நம்ம புள்ளைகதான். நாந்தான் இந்தக் கொங்குச் சீமைக்கே வாத்தியார் குடுத்தவன்னு எங்க ஆண்டு விழாவுல ஒருத்தர் மைக்குலயே பேசுனாருங்க.

இல்லீங்க, நான் சொல்ல வந்தது என்னன்னா… இன்னிக்கு வர்ற டீச்சருங்க பூரா இப்படி இருந்தா புள்ளைக எப்படிப் படிக்கும்? உங்களைச் சொல்லலீங்க! பொதுவாச் சொல்றேன். பி.எட்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? மைக்ரோ டீச்சிங்னு ஒன்னு வெச்சிருக்கறாங்க பாருங்க. ஒருத்தி டீச்சராட்ட நிப்பா. மத்தவங்கெல்லாம் ஆறாங்கிளாஸ் புள்ளைகளாட்ட உக்காரோணும். நான் ஒருக்கா எட்டிப் பாத்தேன். ஒரு பேங்க் மேனேஜர் சம்சாரம், ஒரு செல்போன் கடைக்காரன், ரெண்டு புள்ளை பெத்த அம்மா, எல்லாரும் வெரலைத் தூக்கிட்டு 'டீச்சர், டீச்சர்'ங்கறாங்க. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதிலு! ஒருத்தராச்சும் தப்பாச் சொல்லோணுமே? சொல்ல மாட்டாங்க. நாளைக்கு இவங்க டீச்சரா நிக்கறப்ப அவ தப்பாச் சொல்லிப்போடுவா இல்லீங்களா! அப்படிப் பழகுனவங்க இங்க வந்து, எம்புள்ளையாட்ட ஒருத்தி எந்திரிச்சு ஏன்னு கேட்டா என்ன பண்ணுவாங்க? திருதிருன்னு முழிக்கத்தான் செய்வாங்க.

பாடக்குறிப்பு எழுதறாங்களே, அது அதுக்கு மேல. ஒரு பக்கம் டீச்சர் என்ன கேப்பாங்கன்னு எழுதோணும், எதுத்த கட்டத்துல புள்ளை என்ன பதில் சொல்லும்னும் இவங்களே எழுதோணும். புள்ளைய இன்னும் பாக்கவே இல்ல, அது என்ன சொல்லும்னு எழுதி, சீல் வெச்சு, கையெழுத்தும் வாங்கிக்கறது! நம்ம காலேஜ்ல அந்தச் செரமத்தையும் குறைச்சுட்டேன். புள்ளைக பதிலை நாங்களே பிரிண்ட் அடிச்சுக் குடுத்துர்றோம். 'மாணவர்கள் மகிழ்ச்சியுடன் விடையளிப்பர்.' எல்லாப் பாடத்துக்கும் அதேதான். கணக்கு, தமிழு, பூகம்பம்… எது நடத்துனாலும் மகிழ்ச்சியுடன் விடையளிப்பர்.

ஸ்கூல்ல போய்ப் பழகறதுக்குன்னு மாசக்கணக்குல அனுப்பறோம் பாருங்க, அங்க ஸ்கூல்காரங்க நம்ம புள்ளைகளைக் கிளாஸுக்குள்ள உடறதில்ல. சார்ட் வரையச் சொல்றது, ஸ்போர்ட்ஸ் டேக்கு சுண்ணாம்புக் கோடு போடச் சொல்றது. அதுவும் போனவங்களுக்கு. போகாதவங்களுக்கு அதுவுமில்ல. அடுத்த வருசம் சர்டிபிகேட் வந்துரும். எல்லாரும் பர்ஸ்ட் கிளாஸ்! நான் என்ன நெனைச்சேன்? கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி பி.எட்னு போட்டுக்கத்தான் படிக்கறாங்கன்னு நெனைச்சேன். நெசமாலுமே போய் வாத்தியாரு ஆவாங்கன்னு நான் எப்படிங்க கண்டேன்?

ஏனுங்க, இன்னும் ஒரே நிமிசமுங்க. அந்தப் பெஞ்சுல உக்காருங்க. பேன் இருக்குது பாருங்க அங்க.

டீச்சர், நீங்க என்னமோ சொல்லோணும்னு வாயெடுக்கறீங்க, எனக்குத் தெரியுது. மனுசங்க பேசறதைக் காது குடுத்துக் கேக்கறதுல எனக்கு சர்டிபிகேட்டே இருக்குதுங்க. கல்வித் தலைமைத்துவ டிப்ளமோன்னு ஒன்னு நம்ம காலேஜ்லயே ஆரம்பிச்சோம். ஹெட்மாஸ்டர், ஹெட்மிஸ்ட்ரஸ், பிரின்சிபால், அவங்களுக்குத்தான். சனி, ஞாயிறு ஒரு மண்டபத்துல. பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வந்து எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, 'நீங்கள் ஒரு தலைவர்'னு கத்தச் சொன்னாரு. கத்துனோம். சார்ட் பேப்பர்ல கோபுரம் கட்டச் சொன்னாரு. கட்டுனோம். அப்பறம் ஒருத்தர் பேச இன்னொருத்தர் குறுக்க பேசாமக் கேக்கோணும்னு ஒரு வெளையாட்டு. எனக்கு ஜோடி ஒரு ஹெட்மாஸ்டரு, அவரு பேசறதுக்குள்ள டைம் முடிஞ்சுபோச்சு. நான் ஏ ப்ளஸ்! மத்தியானம் சாப்பாடு, குரூப் போட்டோ, டிப்ளமோ. அத்தனை தலைவருங்களை ஒரே மண்டபத்துல உருவாக்கி வெளிய உட்டோம். அந்த மாதிரி ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் இங்க இருந்திருந்தா இது நடந்திருக்குமுங்களா? டீச்சர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லலீன்னு அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பாங்க.

அதுக்குத்தானுங்க சொல்றேன். உங்க மேல எனக்கு ஒன்னும் வன்மமில்ல. ஆனா புள்ளை விசயம். இப்பவே மேல போய் உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சண்முகப்பிரியா மேடத்தைப் பாத்துப் பேசப் போறனுங்க. செக்சன் மாத்திக் குடுங்கம்பேன். இல்லாட்டி டி.சி.ய வாங்கிட்டுப் பீளமேட்டுல பெரிய ஸ்கூலு இருக்குது, அங்க சேத்திப்போடறேன். புள்ளை கீழ கிரவுண்டுல நிக்கறா. அவ முன்னாடி உங்களைக் கேக்க வேண்டாம்னுதான் தனியா வந்தேன். எனக்கும் மரியாதை தெரியுமில்லீங்களா.

கடைசால ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க பி.எட் எங்க படிச்சீங்க? எந்தக் காலேஜு இப்படி சொல்லிக் குடுக்காம உட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கறேன். இந்தத் துறையில நமக்கு நாலு பேரைத் தெரியும். கூச்சப்படாதீங்க, சொல்லுங்க.

…

மறுக்கா சொல்லுங்க?

…

நம்ம காலேஜா.

அட… எந்த வருசமுங்க? … கொரோனாவுக்கு அடுத்த பேட்ச்சா. பேரு செவ்வந்தியா… செவ்வந்தி, அன்னூரு… இல்லீங்க, மொகம் ஞாபகத்துக்கு வரலீங்க. வராதவங்க மொகம் எப்படிங்க ஞாபகம்… என்னுங்க? வந்தீங்களா? நீங்களா? டெய்லியுமா?

அன்னூர்ல இருந்து கருமத்தம்பட்டி, அங்க பஸ் மாறி சூலூரு… ஏனுங்க இத்தனை தூரம்! நம்ம காலேஜுக்கா? … ரூமு பூட்டிக் கெடந்துச்சா. அது… சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குமுங்க. கேட்டிருக்கலாம் நீங்க. … கேட்டீங்களா. வாட்ச்மேன் ஆபீசுக்குப் போகச் சொன்னானா. ஆபீஸ்ல ஆருகிட்ட கேட்டீங்க? … எங்கிட்டயா?

நான் என்னங்க சொன்னேன்?

… 'ஊட்டுக்குப் போங்க அம்மணி, பரீச்சைக்கு வந்தாப் போதும்'னா. சிரிச்சுட்டா சொன்னேன்? … டீ வாங்கிக் குடுத்துட்டா? பாருங்க, மரியாதையாத்தானுங்க அனுப்பியிருக்கறேன். உங்களுக்கு பஸ் செலவு மிச்சமாகட்டும்னு… இல்லீங்க. நான் ஒன்னும் சொல்லலீங்க. நீங்க சொல்லுங்க. கேக்கறேன்.

… அந்த மைனஸு உங்களுக்கும் ஏன்னு தெரியாதா? … அன்னிக்கு ராத்திரி யூடியூப்ல பாத்தும் புரியலியா. … கிளாஸ்ல தெரியலேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சா. அதுக்கோசரம்தான் உக்காருன்னீங்களா.

ம்.

சரிங்க. சரிங்க டீச்சர், உடுங்க. இத நாம பெருசு பண்ண வேண்டாம். நான் மேல போய் மேடத்துகிட்டயே… என்னுங்க? மேடமுமா? அந்த மண்டபத்துக்கு வந்திருந்தாங்களா? … சார்ட் பேப்பர் கோபுரத்துல மொதப் பரிசா! அது அவங்களா? நாந்தானுங்க சால்வை போட்டேன்… ஆமா, ஆமா, மொகம் இப்பத்தான் வருது.

அப்ப பீளமேடுதானுங்க வழி. அங்க ஏழாங்கிளாஸ் கணக்குக்கு ஆரு இருக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? … உங்க பேட்ச்சா. … சயின்ஸுக்கு? … அவங்க உங்களுக்கு அடுத்த பேட்ச்சா. சூலூர் பக்கம் ஏதாச்சும்… வேண்டாம், சூலூரைச் சொல்லாதீங்க, அது எனக்கே தெரியும்.

ஏனுங்க டீச்சர், ஒன்னு கேப்பேன், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கோயமுத்தூருக்குள்ள, எந்த மூலையானாலும் சரி, நம்ம காலேஜ்ல படிக்காத கணக்கு டீச்சர் ஒருத்தரைக் காட்டுங்க. ஒரே ஒருத்தர். எத்தனை தூரமானாலும் டெய்லி நானே கார்ல கொண்டு போய் உட்டுக் கூட்டியாந்துக்கறேன். எம்புள்ளைய நான் எங்கதானுங்க கொண்டு போய்ச் சேக்கறது? … டீச்சர்? எங்கீங்க எந்திரிச்சுட்டீங்க? … அவங்களைக் கூப்புடறீங்களா. ஆமாங்க, பாவம், நெம்ப நேரமா உக்காந்திருக்கறாங்க. வாங்க, வாங்க, நீங்க வந்து உக்காருங்க. நான் எந்திரிச்சுக்கறேன். இந்தப் பெஞ்சு வேற… கால் மரத்துப்போச்சு.

கண்ணு! நீ எப்ப வந்தே? எத்தனை நேரமா இங்க நிக்கறே? கிரவுண்டுலதான இருக்கச் சொன்னேன்… ஒன்னுமில்ல சாமி. டீச்சரும் அப்பாவும் சும்மா பேசிட்டு இருந்தோம். பையைக் குடு, நான் எடுத்துக்கறேன். வா.

என்ன? … என்ன கேட்டே?

… ஏன் மிஸ்ஸை அன்னிக்கு ஊட்டுக்குப் போகச் சொன்னீங்கன்னா?

அது… அது வந்து கண்ணு, பெரியவங்க பேசறப்ப நடுவுல… எல்லாரும் பாக்கறாங்க பாரு. இதெல்லாமாடி கேப்பாங்க? பேசாம வந்து கார்ல ஏறு.